குழந்தைக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை? கண்டுபிடிக்கும் வரிசை

ஒரு நாள் வயிற்றுவலியை வைத்தே "இவனுக்குப் பால் ஒத்துக்காது" என்று முடிவு கட்டி, வருடக்கணக்கில் பாலே கொடுக்காத வீடுகள் நிறைய. எந்த உணவு, எவ்வளவு, எதனால் என்று தெரிந்துவிட்டால் பல சமயம் அதை அடியோடு நிறுத்த வேண்டியிருக்காது.

1. அலர்ஜி இல்லை என்று உறுதி செய்யுங்கள்

சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தோலில் தடிப்பு, உதடு வீக்கம், தொடர் வாந்தி, இருமல் வந்தால் அலர்ஜியாக இருக்கலாம். அந்த உணவை வீட்டில் மறுபடி கொடுத்துப் பார்க்கவே கூடாது. மூச்சுத் திணறினால் உடனே 108. மலத்தில் ரத்தம், எடை குறைதல், ராத்திரி வலியில் விழித்துக்கொள்வது, இவற்றில் எது இருந்தாலும் கீழே உள்ளதைச் செய்துகொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் அப்படியே.

2. இரண்டு வாரம் நோட்டில் எழுதுங்கள்

சாப்பாட்டில் எதையும் மாற்றாதீர்கள். எழுதினால் போதும், இப்படி:

*காலை 7.15: பால் ஒரு டம்ளர். 8.00: இட்லி இரண்டு, சாம்பார். 9.30: வயிறு உப்புசம், தண்ணீராகப் பேதி, புளித்த வாடை.*

அளவும் நேரமும்தான் உயிர். பாட்டி கொடுத்த பிஸ்கட், பிறந்தநாள் கேக், கடை ஜூஸ் எல்லாம் நோட்டில் வர வேண்டும். மலம் எப்படிப் போகிறது என்பதையும் குறியுங்கள். பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் அடக்கி வைக்கும் பிள்ளைகளுக்கு மலச்சிக்கலால் வலி வரும்; பழி சாப்பாட்டின் மேல் விழும். வலி எல்லாம் பள்ளி நாட்களில்தான், லீவில் இல்லை என்றால் முதலில் அதைக் கவனியுங்கள்.

3. ஒன்றை மட்டும் நிறுத்துங்கள்

நோட்டில் அடிக்கடி தலைகாட்டும் ஒரே ஒரு உணவை இரண்டு வாரம் நிறுத்துங்கள். பால் என்றால் ஐஸ்கிரீம், பால்கோவா, பாயசமும் சேர்த்து. பாக்கெட்டின் பின்பக்கம் பால் பவுடர் இருக்கிறதா என்று பாருங்கள். கோதுமையை மட்டும் இப்படி நிறுத்தாதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

4. திருப்பிக் கொடுங்கள்

பலரும் விட்டுவிடும் படி இது. நிறுத்தியதும் வலி போனது தற்செயலாகவும் இருக்கலாம். திருப்பிக் கொடுக்கும்போது மறுபடி வந்தால்தான் சந்தேகம் உறுதியாகும். பால் என்றால் கால் டம்ளரில் ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை, முக்கால் என்று கூட்டுங்கள். 100 மில்லி பசும்பாலில் சுமார் 5 கிராம் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் என்ற நொதி குறைவாக இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அரை டம்ளர் ஒன்றும் செய்யாது, முழு டம்ளர்தான் படுத்தும். தயிரில் நுண்ணுயிரிகள் லாக்டோஸில் கொஞ்சத்தை உடைத்துவிடுவதால் மோர் சாதம் பெரும்பாலும் தாங்கும்.

5. காரணம் எது?

பால்தான் என்றால், சமீபத்தில் பேதி வந்து போனதா? அப்படியானால் குடலின் உள்சுவர் பழுதாகி லாக்டேஸ் தற்காலிகமாகக் குறைந்திருக்கும். சில வாரங்களில் பெரும்பாலும் சரியாகிவிடும். ஐந்து வயதுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்தது என்றால் பரம்பரையாக வரும் லாக்டேஸ் குறைவாக இருக்கலாம். நம் பக்கத்தில் இது சகஜம். சின்னக் குழந்தைகளுக்கு ஆப்பிள் ஜூஸ் அதிகமானாலே பேதியாகும். அளவைக் குறைத்தால் போதும்.

கோதுமை வேறு கதை. கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பழுதாகும் சீலியாக் நோய் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை, குழந்தை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் சரியாகக் காட்டும். அதனால் முதலில் பரிசோதனை, அப்புறம்தான் நிறுத்துவது. நோய் உறுதியானால் சப்பாத்தி மட்டுமல்ல, ரவை, சேமியா, மால்ட் பானம் எல்லாம் போக வேண்டும். கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருப்பது பலருக்குத் தெரியாது. ரசம் வழியாகத் தினமும் உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

நூறு உணவுகளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று விற்கப்படும் ஐஜிஜி டெஸ்டுக்குப் பணம் கொட்டாதீர்கள். குழந்தை எதைச் சாப்பிட்டிருக்கிறது என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டும்.

6. குறைத்ததை ஈடு கட்டுங்கள்

பாலைக் குறைத்தால் கால்சியம் வேறு வழியில் போக வேண்டும். கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கேழ்வரகுக் கூழ், எள்ளுருண்டை, முள்ளோடு வறுத்த நெத்திலி, எது பிள்ளைக்குப் பிடிக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். மருத்துவரைப் பார்க்கும்போது நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.