ஒரு லட்சம் வரி, 61 தேதி: பைத்தானில் தேதியை வேகமாக எழுத்தாக்கிச் சேமிப்பது எப்படி?

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் நெல் கொள்முதலுக்கு ஒரு சின்ன பதிவேடு ஆப் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரியில் விவசாயி எண், ஆடுதுறை 43 போல ரகம், மூட்டை, ஈரப்பதம், தேதி. குறுவை அறுவடை சூடுபிடித்ததும் சேவ் பொத்தானை அழுத்தினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எங்கே மாட்டுகிறது?

படி 1: அளந்து பாருங்கள்

டைம் மாட்யூலில் உள்ள, நேரத்தை அளக்கும் பெர்ஃப் கவுண்டரை இரண்டு இடத்தில் வையுங்கள்: தேதியை மாற்றும் பகுதி, டேட்டாபேஸில் எழுதும் பகுதி. பெரும்பாலும் குற்றவாளி இரண்டாவதுதான். வரிக்கு ஒரு கமிட் (எழுதியதை உறுதிசெய்யும் கட்டளை) போட்டால், ஒவ்வொரு முறையும் டிஸ்க்கில் எழுதி முடியும்வரை எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் காத்திருக்கும். எல்லா வரிகளையும், பல வரிகளை ஒரே அழைப்பில் எழுதும் எக்ஸிகியூட்மெனியில் கொடுத்துவிட்டுக் கடைசியில் ஒரே கமிட் போடுங்கள். அதற்குப் பிறகும் தேதி நேரத்தைத் தின்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: ஸ்ட்ர்எஃப்டைமுக்குப் பதில் ஐசோஃபார்மேட்

இரண்டுமே தேதியை எழுத்தாக்குபவை. ஸ்ட்ர்எஃப்டைம், நீங்கள் தரும் வடிவக் குறிகளை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிரித்துப் படிக்கும். ஐசோஃபார்மேட்டுக்கு அந்த வேலையே இல்லை. ஒரே வடிவம்தான், 2023-09-05.

வேகத்தைவிட எனக்கு இதில் பிடித்தது வரிசை. எஸ்கியூலைட்டில் தேதிக்கென்று தனி வகை கிடையாது. எழுத்தாக வைத்தால் எழுத்தாகத்தான் வரிசைப்படுத்தும். 05-09-2023 என்று சேமித்தால் அது 12-06-2023க்கு முன்னால் போய் நிற்கும். மேட்டூர் அணை திறக்கும் முன்பே குறுவை அறுவடை ஆகிவிடும்! நாள்-மாதம்-ஆண்டு எல்லாம் திரையில் காட்டும்போது மட்டும் போதும்.

படி 3: ஒரு தேதியை ஒரு முறை மட்டும்

செப்டம்பர், அக்டோபர் இரண்டும் சேர்ந்தால் 61 நாள். ஒரு லட்சம் வரி இருந்தாலும் தேதி 61தான். மாற்றும் ஃபங்ஷனின் தலையில் எல்ஆர்யூ கேஷ் என்ற டெக்கரேட்டரை (ஃபங்ஷனுக்கு மேல் எழுதும் ஒரு குறிப்பு) போடுங்கள். முதல் முறை மாற்றியதை நினைவில் வைத்து அடுத்த முறை அப்படியே தரும். சொல்லாமலே 128 விடைகளை வைத்துக்கொள்ளும், நமக்குத் தாராளம்.

ஐசோஃபார்மேட் தானாகவே வேகமானது என்பதால் அதற்கு மேல் இது பெரிதாக எதையும் கூட்டாது. ரசீதுக்காக ‘5 செப்டம்பர் 2023, செவ்வாய்’ என்று தமிழில் கோத்துச் சேமிக்கிறீர்களா? அங்கேதான் வித்தியாசம் தெரியும்.

படி 4: நேரத்தை வெட்டிவிட்டுக் கொடுங்கள்

தேதியோடு நேரமும் சேர்ந்த டேட்டைமை அப்படியே கொடுத்தால் நொடிக்கு நொடி புது மதிப்பு. கேஷ் இருந்தும் வீண். முதலில் தேதியை மட்டும் பிரித்தெடுங்கள்.

ஆனால் பிரிப்பதற்கு முன் சர்வர் இந்திய நேரத்தில் ஓடுகிறதா, யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். யூடிசி நம் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. விடியற்காலை 4 மணிக்கு வந்து இறங்கும் லோடு, யூடிசியில் முந்தைய நாள் இரவு 10.30. ஆகவே முதலில் இந்திய நேரத்துக்கு மாற்றி, அப்புறம் தேதியைப் பிரியுங்கள். 4 மணி லோடு ஒன்றைப் பொய்யாகப் பதிந்து, எந்தத் தேதியில் விழுகிறது என்று சோதித்துவிட்டு ஆப்பைக் கையில் கொடுங்கள்.