நீச்சல்குளப் பம்பு ஓடவில்லையா? முதலில் டைமரைப் பாருங்கள்

கரண்ட் போய் வந்த பிறகு நீச்சல்குளப் பம்பு ஓடாவிட்டால், வயர்மேனைக் கூப்பிடுமுன் டைமர் சரியான நேரத்தைக் காட்டுகிறதா என்று பாருங்கள். சுற்றுத்தட்டு டைமர் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. 4 மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் அதுவும் 4 மணி நேரம் பின்தங்கிவிடும். காலை 8 மணிக்கு ஓட வேண்டிய பம்பு 12 மணிக்குத்தான் ஓடும். மெயினை அணைத்துவிட்டு, அம்புக்குறி காட்டும் பக்கம் மட்டும் தட்டைத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணங்களில் மாலை இடிமழைக்கு இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுவதும் உண்டு. பம்பின் எம்.சி.பி.யை (பெட்டியில் பம்புக்கென்று உள்ள சிறு சுவிட்சை) அணைத்துவிட்டு இ.எல்.சி.பி.யை ஏற்றுங்கள். அது விழாமல் நின்றால் பம்பைப் போடுங்கள். அப்போது மறுபடி விழுந்தால் மோட்டாரிலோ வயரிலோ மின்கசிவு இருக்கிறது என்று அர்த்தம். திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்க்கவே பார்க்காதீர்கள், பிள்ளைகளைக் குளத்தில் இறங்க விடாதீர்கள். ஈரக் கையோடு பெட்டியைத் தொடவும் வேண்டாம்.

பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமருக்கு இந்தக் குறிப்பு பொருந்தாது. மோட்டார் உறுமியும் சுற்றவில்லையென்றால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் போயிருக்கும், அல்லது தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரில் குப்பை சிக்கியிருக்கும். உடனே அணைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள்.