பெங்களூரில் உறவுக்காரப் பிள்ளைகளோடு ஒரு நாள்: வொண்டர்லா போகிறவர்களுக்கு

விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் நம் குடும்பங்களில் பலர் இப்போது சென்னையில் இறங்குவதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துக்காரர்களுக்குப் பெங்களூரு விமான நிலையம்தான் வசதி. கூடப்பிறந்தவர்களில் ஒருவராவது அல்சூரிலோ ஒயிட்ஃபீல்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ இருப்பார்கள். அங்கே தங்கும் சில நாளில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம் என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் வொண்டர்லா என்ற கேளிக்கைப் பூங்காதான். 2000இல் கொச்சியில் முதல் பூங்காவைத் தொடங்கியவர்கள், 2005இல் பிடதிக்கு அருகே, மைசூர் சாலையில் இதைத் திறந்தார்கள். பெங்களூரின் நடுவிலிருந்து ஏறக்குறைய 28 கிலோமீட்டர்.

பாரிஸிலும் ஃப்ளோரிடாவிலும் டிஸ்னி பூங்காக்களைப் பார்த்த பிள்ளைகளுக்கு இங்கே புதிதாக என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். சித்தப்பா பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும் இருக்கிறார்களே! வீட்டு ஹாலில் ஆளுக்கொரு மூலையில் போனோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், ராட்டினத்துக்கு வரிசையில் நிற்கும்போது தானாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அரைகுறைத் தமிழ், கொஞ்சம் ஆங்கிலம், இங்கே வளர்ந்த பிள்ளைகள் வாயில் வரும் கன்னடம் எல்லாம் கலந்து பேசட்டும், திருத்தாதீர்கள். உங்கள் வீட்டு நாலு பேர் மட்டும் தனியாக டாக்ஸி பிடித்துப் போய்வருவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். நாள், வண்டி, டிக்கெட் எதுவானாலும் உறவுக்காரர்களையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

முதலில் நாள். ஊர் வந்து இறங்கிய மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வேண்டாம். கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வரும் பிள்ளைகள் நள்ளிரவில் விழித்துக்கொண்டு பகலில் சொக்கிப்போவார்கள். அந்த நிலையில் சுழலும் ராட்டினத்தில் ஏற்றினால் வாந்திதான். தூக்கம் சரியாகும் வரை காத்திருங்கள். ஏப்ரல், மே இங்கே பள்ளி விடுமுறை, தசரா விடுமுறையிலும் கிறிஸ்துமஸ் வாரத்திலும் கூட்டம் நெரியும். உங்களுக்கு லீவு கிடைக்கும் ஜூலை, ஆகஸ்டில் இங்கே பள்ளிக்கூடம் நடக்கிறது. அதனால் வார நாளில் வரிசை குறைவு, ஆனால் உறவுக்காரப் பிள்ளைகளுக்குப் பள்ளி. தம்பியிடம் உரிமையோடு பேசி, பரீட்சை இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்கு லீவு போடச் சொல்லுங்கள். ஒரு நாள் வகுப்புக்குப் போகாவிட்டால் குடி முழுகிப்போகாது. ஆகஸ்ட் 15 ஒட்டி வரும் நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். டிசம்பரில் வருகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: அந்த மாதத்தில் வார நாளிலும் பள்ளிச் சுற்றுலா பஸ்கள் வரிசையாக வரும், காலைக் குளிரில் தண்ணீரில் இறங்கப் பிள்ளைகள் தயங்குவார்கள்.

டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். வார நாளுக்கு ஒரு விலை, சனி ஞாயிறுக்கு ஒரு விலை. வெளிநாட்டு கார்டு நம் ஊர்த் தளங்களில் பல நேரம் ஏற்காது, ஓடிபி வரும் எண் கையில் இல்லாவிட்டால் அங்கேயே நின்றுபோகும். இங்கே இருப்பவர் போனில் யுபிஐயில் கட்டச் சொல்லி, பணத்தை அவரிடம் கொடுத்துவிடலாம். எல்லாருக்கும் சேர்த்து நீங்களே கட்ட நினைத்தால் இதையும் முன்பே பேசி முடியுங்கள். கவுண்டர் முன்னால் பிள்ளைகள் பார்க்க "நான் தரேன், நீங்க சும்மா இருங்க" என்று அண்ணனும் தம்பியும் மல்லுக்கு நிற்பது நன்றாக இருக்காது. அவர்கள் மதியச் சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்றால் விட்டுக்கொடுங்கள். அவர்களுக்கும் தங்கள் ஊருக்கு வந்தவர்களை உபசரித்த திருப்தி வேண்டும். பிள்ளைகளுக்கான டிக்கெட்டை வயதைப் பார்த்துத் தருவதில்லை, உயரம்தான் கணக்கு. 85 செ.மீ.க்குக் கீழ் இலவசம், 140 செ.மீ. தாண்டினால் பெரியவர் கட்டணம். பெரிய சவாரிகள் பலவற்றுக்கும் அதே 140 செ.மீ. கம்பம்தான் வாசலில் நிற்கும். வீட்டிலேயே எல்லாப் பிள்ளைகளையும் சுவரோரம் நிறுத்தி அளந்து, எதில் ஏற முடியாது என்று முன்பே சொல்லிவையுங்கள். ஒரு பிள்ளை மட்டும் அங்கே போய் அழ வேண்டியிருக்காது.

இருபது வருஷத்துக்கு முன் பார்த்த மைசூர் சாலை இப்போது இல்லை. 2023இல் விரைவுச்சாலை திறந்த பிறகு, நகரின் மைசூர் பக்க ஓரத்திலுள்ள கெங்கேரி தாண்டினால் வேகம்தான். கெங்கேரி வரை போவதுதான் பாடு. எலக்ட்ரானிக் சிட்டி, ஓசூர் பக்கமிருந்து வருகிறவர்கள் ஊருக்குள் நுழையாமல் நைஸ் ரோடு என்கிற சுற்றுச்சாலையைப் பிடித்து மைசூர் சாலைக்கு வந்துவிடலாம். சுங்கம் உண்டு, கொடுக்கத் தகும். ஒயிட்ஃபீல்டிலோ இந்திராநகரிலோ இருந்தால் ஊதா நிறத் தடத்து மெட்ரோவில் கடைசி நிலையமான செல்லகட்டா வரை ஒரே வண்டி, அங்கிருந்து டாக்ஸி. பெரிய குடும்பம் என்றால் டிரைவரோடு ஒரு டெம்போ டிராவலரை நாள் வாடகைக்குப் பேசுவதே நல்லது. போகும்போது ஆப்பில் வண்டி எளிதாகக் கிடைக்கும். பூங்கா மூடும் நேரத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் வண்டி தேடுவார்கள். ஈரத் தலையோடு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையோரம் காத்து நிற்க வேண்டிவரும்.

பூங்கா 11 மணிக்குத்தான் திறக்கும். ஆனால் ஏழரைக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்புங்கள். பூங்காவைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போனால் பிடதி. விரைவுச்சாலை ஊரைச் சுற்றிப் போய்விடும், அதனால் முன்கூட்டியே இறங்கிப் பழைய சாலையில் போகச் சொல்லுங்கள். அங்கே தட்டே இட்லி தின்னாமல் திரும்பக் கூடாது. தட்டு அகலத்துக்குப் பஞ்சாக ஓர் இட்லி, மேலே வெண்ணெய், பக்கத்தில் சட்னி. இட்லி என்றால் முகம் சுளிக்கும் பிள்ளைகளும் இதை இரண்டாவது கேட்பார்கள். வெளிச் சாப்பாட்டைப் பூங்காவுக்குள் விட மாட்டார்கள், ஆகவே அம்மா விடிகாலையில் எழுந்து கிளறும் புளியோதரைக்கு அன்று விடுப்பு கொடுங்கள். மதியத்துக்கு உள்ளேயே ஓட்டல்கள் இருக்கின்றன.

உடை விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். நீர் விளையாட்டுக்கு நைலான் போன்ற துணிதான் அனுமதி. பருத்தி, ஜீன்ஸ், சேலை, சுடிதார் எதுவும் குளத்துக்குள் கூடாது. அங்கேயே விற்கிறார்கள், ஆனால் அளவும் நிறமும் மனசுக்குப் பிடித்து அமைவது அரிது. முதல் நாளே எல்லாருக்கும் முழுக்கை மேல்சட்டையும் முழங்கால் தாண்டும் லெகின்ஸும் வாங்கிவிடுங்கள். மாமியார், நாத்தனார் முன்னால் அப்படி இறங்கக் கூச்சப்படும் பெண்கள் இருக்கிறார்கள். வளர்ந்த பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கூச்சம். வெளிநாட்டில் வளர்ந்த உங்கள் மகள் வழக்கமாகப் போடும் நீச்சலுடை இங்கே பலர் பார்வையை இழுக்கும். அவளைக் கண்டிப்பதுபோல் பேசாமல், அக்கா தங்கைகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி வாங்கிக் கொடுத்தால் பேச்சே எழாது. இறங்க விருப்பம் இல்லை என்கிற அண்ணியை இழுத்துவிடாதீர்கள். தாலிக்கொடி தவிர மற்ற நகையை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டும் வேண்டாம், பணமும் போனும் லாக்கருக்குள் போகட்டும்.

நீர் விளையாட்டுகள் பூங்கா திறந்து சிறிது நேரம் கழித்துத் தொடங்கி, மாலையில் முன்னதாக முடியும். அவை தொடங்குவதற்குள் ரீகாயில் போன்ற பெரிய சவாரிகளை முடித்துவிடுவது நல்லது. முன்னால் போய்த் தலைகீழாகச் சுற்றி, அதே வழியில் பின்னோக்கித் திரும்பும் வண்டி அது. இதய நோய், முதுகுவலி, கர்ப்பம் இருந்தால் பக்கத்தில் போகவே வேண்டாம். தாத்தா பாட்டி சாயங்காலம் வரை பைகளுக்குக் காவல் இருக்கக் கூடாது. அவர்களுக்கு ஸ்கை வீல் இருக்கிறது: உயர்ந்த கோபுரத்தின் மேல் மெதுவாகச் சுற்றும் ராட்டினம், லிஃப்டில் ஏறலாம். பேரப்பிள்ளைகள் எல்லாரையும் அவர்களோடு அதில் ஒரு முறை ஏற்றுங்கள். 60 தாண்டியவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, வயதுச் சான்று எடுத்துப் போங்கள். நடக்கும் தூரம் அதிகம், முட்டிவலி இருப்பவர்களை மதியத்துக்குப் பின் நிழலில் உட்கார வைத்து, பெரியவர்கள் முறை மாற்றிக் கூட இருங்கள்.

திரும்பும்போது மூடும் வரை இருக்காதீர்கள், அரை மணி முன்னதாகக் கிளம்பினாலே கெங்கேரி நெரிசலில் பாதி குறையும். ஞாயிறு மாலை என்றால் மைசூரிலிருந்து திரும்பும் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். மாற்று உடை, துண்டு, ஈரத்துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை வண்டியிலேயே இருக்கட்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு யார் வீட்டிலும் அடுப்பு பற்றவைக்கச் சொல்லாதீர்கள், வழியில் ஏதாவது ஓட்டலில் நிறுத்துங்கள். பின்சீட்டில் பிள்ளைகளை வீடு வாரியாகப் பிரிக்காமல் கலந்து உட்கார விடுங்கள்.