இடுப்பில் பெல்ட் கட்டாதீர்கள்

என்னிடம் சுவரோவியம் பழகும் பெண் சென்ற மாதம், ‘குரோட்டெஸ்க்’ எனப்படும் பாதி மனித, பாதி செடி அலங்கார உருவம் ஒன்றின் வரைபடத்தை நீட்டினாள். மேலே இளைஞனின் உடல், கீழே இலைச்சுருள், இரண்டுக்கும் நடுவே அழகான பெல்ட். பல ஆண்டுகளுக்கு முன் நான் வரைந்த அதே பெல்ட்!

சமச்சீர் பிசகுவது, தூரிகை நடுங்குவது போன்றவை கைப்பழக்கத்தில் சரியாகிவிடும். அவற்றை விடுகிறேன். இந்த உருவங்களில் நாம் செய்யும் மற்ற பிழைகள் இவை.

ஒட்டுமிடத்தை மறைப்பது

ரோம் நகரில் மண்மூடிக் கிடந்த பேரரசன் நீரோவின் பொன் மாளிகைக்குள் 1480 வாக்கில் ஓவியர்கள் துளை வழியே இறங்கினார்கள். குகை (இத்தாலிய மொழியில் ‘குரோட்டா’) என்று அவர்கள் நினைத்த அந்த அறைகளிலிருந்துதான் ‘குரோட்டெஸ்க்’ என்ற பெயரே வந்தது. பாதி மனிதன், பாதி செடி. இத்தகைய ஓவியங்களை ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் முன்பே திட்டியிருந்தார்: மெல்லிய தண்டு எப்படி ஓர் உருவத்தைத் தாங்கும்? நியாயமான கேள்விதான். தாங்கும் என்று கண்ணை நம்பவைப்பதுதான் நம் வேலை.

நானோ ஓர் உணவகச் சுவரில் பதினான்கு உருவங்களுக்கும் பெல்ட் கட்டி, அதன்மேல் பொன்தாள் வேறு ஒட்டினேன். உரிமையாளர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, எல்லோரும் பூந்தொட்டியில் நிற்கிறார்கள்?” என்றார். மூன்று வார வேலையை என் செலவில் சுரண்டி எடுத்தேன். இன்றும் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை.

மாங்கன்றில் ஒட்டுக் கட்டுகிறவர்கள், ஒட்டுப் பிடித்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். நாம் கட்டையே வரைந்து வைக்கிறோம். வத்திக்கானில் ஓவியர் ரஃபேலின் லோஜியாவை, அதாவது வளைவுகள் கொண்ட நடைக்கூடத்தை (1517–1519), அலங்கரித்த ஜோவான்னி தா உதினேயின் கொடிகளைப் பாருங்கள். பிறகு, கழுத்தில் தொடங்கி முதுகெலும்பு வழியாக வால்சுருளின் நுனிவரை ஒரே கோடு இழுங்கள். உடலும் இலையும் அந்தக் கோட்டின்மேல் ஏறட்டும். தொடைச் சதை மடியும் இடத்தில் அகாந்தஸ் என்னும் அலங்கார இலையின் முதல் மடிப்பு கிளம்ப வேண்டும்.

வெள்ளையை நிரப்புவது

இத்தாலிய நகரமான உர்பினோவின் மயோலிக்கா (வெள்ளை மெருகிட்ட சுடுமண்) தட்டுகளில் இந்த உருவங்களுக்குப் பின்னால் இருப்பது வெறும் வெள்ளை. மூச்சுவிட இடம் கொடுங்கள்.

பயமுறுத்துவது

இது நரகக் காட்சி அல்ல. பற்களைக் குறையுங்கள்.

எல்லாவற்றுக்கும் சிறகு

வேண்டாம்.

ரிப்பன் கட்டுவது

பெல்ட்டை அழித்த மறுநாள் அவள் கொண்டுவந்தது. அதுவும் பெல்ட்தான்.