ஜெர்மனியில் படிக்கும் நண்பரை வார இறுதியில் சென்று பார்ப்பது எப்படி: ஆகன் நகருக்கு ஒரு வழிகாட்டி

ஐரோப்பாவில் வேலை பார்க்கும், அல்லது வேறொரு நாட்டில் படிக்கும் தமிழர்களுக்கு, ஜெர்மனியில் முதுகலை படிக்கும் ஒரு நண்பராவது இருப்பார். வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்பும் ஒரு பயணத்தில் அவரைப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் இதைச் சுற்றுலாவாக எண்ணித் திட்டமிடுபவர்கள் ஊரைப் பார்த்துவிட்டு நண்பரைச் சரியாகப் பார்க்காமலே திரும்புகிறார்கள். நண்பரின் பாட அட்டவணை, அவருடைய அறை, அவருடைய கைச்செலவு ஆகிய மூன்றையும் முதலில் கேட்டறிந்து, அவற்றுக்கு ஏற்ப மற்றவற்றை அமைத்துக்கொள்வதே சரியான வரிசை. இங்கே ஜெர்மனியின் மேற்கு எல்லையில் உள்ள ஆகன் நகரை எடுத்துக்கொண்டு அந்த வரிசைப்படி விளக்குகிறேன். சுமார் இரண்டரை லட்சம் மக்கள் வாழும் அந்த ஊரில், 1870-இல் தொடங்கப்பட்ட ஆர்.டபிள்யூ.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மட்டும் 40,000-க்கும் மேற்பட்டோர் படிக்கிறார்கள். அவர்களுள் தமிழ்நாட்டு மாணவர்களும் உண்டு. 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்ட சென்னை ஐ.ஐ.டி.க்கும் இந்தப் பல்கலைக்கழகத்துக்கும் நெடுங்காலத் தொடர்பு இருக்கிறது.

தேதியைத் தேர்வு செய்வதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். குளிர்காலப் பருவத்தின் வகுப்புகள் அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரித் தொடக்கம் வரையிலும், கோடைப் பருவத்தின் வகுப்புகள் ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரையிலும் நடக்கின்றன. இடைப்பட்ட மாதங்களில் வகுப்பு இல்லை என்பதால் அவை விடுமுறை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள்; உண்மையில் பெரும்பாலான எழுத்துத் தேர்வுகள் அந்த மாதங்களில்தான் வைக்கப்படுகின்றன. பிப்ரவரி, மார்ச், ஆகஸ்ட் மாதங்களில் "எப்போது வந்தாலும் சரிதான்" என்று நண்பர் சொன்னால், அது மரியாதைக்காகச் சொல்வதாகவும் இருக்கலாம். அடுத்த தேர்வு எந்தத் தேதியில் என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். அவர் பகுதிநேர வேலை பார்ப்பவரானால், சனிக்கிழமை வேலை இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். என் பரிந்துரை மே, ஜூன் மாதங்கள். ஜூனில் இரவு பத்து மணியை நெருங்கும்வரை வெளிச்சம் இருப்பதால், இரண்டே நாளில் மூன்று நாளுக்குரிய நேரம் கிடைத்துவிடும். நவம்பர் இறுதியில் தேவாலயத்தைச் சுற்றி அமைக்கப்படும் கிறிஸ்துமஸ் சந்தை அழகானதுதான்; ஆனால் அதற்காக அண்டை நாடுகளிலிருந்தும் கூட்டம் வரும், மாலை நாலரை மணிக்கே இருட்டியும் விடும்.

ஷெங்கன் நாடு ஒன்றின் வதிவிட அனுமதி உங்களிடம் இருந்தால், ஜெர்மனிக்கெனத் தனி விசா தேவையில்லை. மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை தங்கலாம். ஆனால் அதற்குக் கடவுச்சீட்டு, வதிவிட அட்டை ஆகிய இரண்டும் கையில் இருக்க வேண்டும். 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் தரைவழி எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனை நடத்தத் தொடங்கியதால், பெல்ஜியத்திலிருந்தோ நெதர்லாந்திலிருந்தோ வரும் ரயிலில் காவலர்கள் ஏறிக் கேட்கக்கூடும். படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்திருப்பது போதாது. பிரித்தானியாவிலோ அயர்லாந்திலோ வசிக்கும் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர்கள் ஷெங்கன் விசா எடுத்தாக வேண்டும்.

ஆகனுக்கு விமான நிலையம் தேடி அலைய வேண்டாம். பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் நகரங்களிலிருந்து கொலோனுக்குச் செல்லும் யூரோஸ்டார் ரயில் ஆகனில் நிற்கிறது; பிரஸ்ஸல்ஸிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்தான். பிராங்க்பர்ட்டிலிருந்து ஐ.சி.இ. விரைவு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரமும், கொலோனிலிருந்து வட்டார ரயிலில் சுமார் ஒரு மணி நேரமும் ஆகும். நெதர்லாந்தின் தென்பகுதியில் இருப்பவர்கள் மாஸ்ட்ரிக்டிலிருந்து எல்லை தாண்டி வரும் வட்டார ரயிலைப் பிடிக்கலாம். யூரோஸ்டாருக்கும் ஐ.சி.இ.க்கும் சீட்டை எவ்வளவு முன்னதாக எடுக்கிறீர்களோ அவ்வளவு மலிவு. நண்பரிடம் நாடு முழுவதும் வட்டார ரயில்களிலும் பேருந்துகளிலும் செல்லத்தக்க மாணவர் சீட்டு இருக்கும். அது அவருக்கு மட்டுமே உரியது. அதைக் காட்டி உங்களையும் கூட்டிச் செல்ல முடியாது, ஐ.சி.இ.யிலும் அது செல்லாது. ஆகவே இருவரும் சேர்ந்து எங்கேனும் போவதானால் வட்டார ரயிலையே தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் உங்களுக்குத் துணை வருவதற்காக அவர் புதிதாகச் சீட்டு வாங்க நேரிடும்.

என்ன கொண்டுபோவது என்பதில் தயங்கவே வேண்டாம்: உணவு கொண்டுபோங்கள். ஜெர்மன் கடைகளில் எல்லாம் கிடைக்கிறது என்று நண்பர் சொல்வார்; ஆனால் நல்ல கறிவேப்பிலை, முருங்கைக்காய், இடியப்ப மாவு ஆகியவற்றுக்கு அவர் நெடுந்தூரம் போக வேண்டியிருக்கும், அல்லது அதிக விலை கொடுக்க வேண்டியிருக்கும். பாரிஸிலிருந்து வருபவர்களுக்கு இதில் பெரிய வாய்ப்பு உண்டு. ஆகன் வழியாகச் செல்லும் யூரோஸ்டார் புறப்படும் கார் து நோர் நிலையத்துக்கும் லா ஷப்பலுக்கும் இடையில்தான் ஈழத்தமிழர்களின் மளிகைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போனால் பை நிறைய வாங்கிக்கொண்டு நடந்தே நடைமேடைக்கு வந்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் இவற்றை எடுத்துச் செல்வதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. லண்டனிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருபவர்களுக்கு விதி வேறு. இறைச்சி, பால் பொருட்கள் இரண்டும் தடை செய்யப்பட்டவை. நெய்யும் பால்கோவாவும் இதில் அடங்கும். புதிய காய்கறிகளுக்கும் இலைகளுக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியான் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு உண்டு. பொடி வகைகளையும் அப்பளத்தையும் வழக்கம்போல் கொண்டுவரலாம்.

தங்குவது நண்பரின் அறையில்தான் என்றால், அது எப்படிப்பட்ட இடம் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். மாணவர் விடுதியானால் விருந்தினர் இரவு தங்குவது குறித்து விதிகள் இருக்கும்; பலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடானால் மற்ற அறைக்காரர்களிடம் அவர் சொல்லி வைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் ஒரே ஒரு கட்டில்தான் இருக்கும் என்பதால் ஒரு தூக்கப் பையையும் துண்டையும் நீங்களே கொண்டுபோவது நல்லது. இரவு பத்து மணிக்கு மேல் அமைதி காப்பது அங்கே கண்டிப்பாகப் பின்பற்றப்படும் வழக்கம். நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள், அண்டை வீட்டுக்காரரின் முகத்தைத் தினமும் பார்க்கப் போகிறவர் உங்கள் நண்பர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். சமைக்கும்போது கவனம் தேவை. வீடுகளின் படுக்கையறைகளிலும் தாழ்வாரங்களிலும் புகை உணரும் கருவிகள் சட்டப்படி பொருத்தப்பட்டிருக்கும். காய்ந்த மிளகாய் தாளிக்கும் புகையே அவற்றை அலறவைக்கப் போதும். தாளிப்பதற்கு முன் சன்னலைத் திறந்துவைத்து, தாழ்வாரத்துக்குப் போகும் கதவை மூடிவிடுங்கள். புகை சூழ்ந்த பதற்றத்தில் அந்தக் கதவைத் திறந்துவிடுவதால்தான் விடுதி முழுவதும் மணி ஒலிக்கிறது.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்தியாவிலிருந்து செல்லும் மாணவர்களில் பெரும்பாலோர் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கு ஒன்றில் முதலாண்டுச் செலவுக்கான தொகையை முன்கூட்டியே செலுத்திவிட்டுத்தான் விசா வாங்குகிறார்கள். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. அதிலிருந்து மாதந்தோறும் 992 யூரோ வரைதான் எடுக்க முடியும். வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும், அந்தப் பணமும் பல வீடுகளில் கல்விக் கடனாகப் பெற்றது. நீங்கள் சம்பாதிப்பவரானால் வெளிச் சாப்பாட்டின் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் மறுப்பார். அதற்கு நல்ல வழி, சனிக்கிழமை காலையில் மளிகைக் கடைக்கு இருவரும் சேர்ந்து சென்று, வண்டியில் அவருக்கு ஒரு வாரத்துக்கு வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெயையும் சேர்த்துப் போட்டு, பணம் செலுத்தும் இடத்தில் நீங்கள் முன்னால் நிற்பதுதான்.

அந்தக் கடைப் பயணத்தைச் சனிக்கிழமையே முடித்தாக வேண்டும், ஏனெனில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெர்மனியில் பல்பொருள் அங்காடிகளும் துணிக்கடைகளும் சட்டப்படி மூடப்பட்டிருக்கும். ரொட்டிக் கடைகள் சில மணி நேரம் திறந்திருக்கும், உணவகங்களும் உண்டு. சனிக்கிழமையே பொது விடுமுறையாக அமைந்துவிட்டால் தொடர்ந்து இரண்டு நாட்கள் கடை இல்லை என்பதால், நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு புறப்படுங்கள். நண்பரின் வீட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் காலிப் பிளாஸ்டிக் புட்டிகள் சேர்ந்திருந்தால் கையோடு எடுத்துச் செல்லலாம். கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் புட்டிக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும்.

ஆகனில் கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பேரரசர் சார்லமேன் எழுப்பிய தேவாலயம். சனிக்கிழமை பிற்பகலை இதற்கு முழுதாக ஒதுக்குங்கள். ஞாயிறு காலையில் வழிபாடு நடக்கும், அப்போது சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். ஏறத்தாழ 800-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட எண்கோண மண்டபம் இன்றும் அப்படியே நிற்கிறது. அதன் தூண்களில் சிலவற்றை ரோமிலிருந்தும் ராவென்னாவிலிருந்தும் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து கொண்டுவந்தார்கள். 814-இல் இறந்த சார்லமேனின் எலும்புகள் 1215-இல் முடிக்கப்பட்ட பொற்பேழையில் இருக்கின்றன. அவர் இறந்து 600 ஆண்டுகள் ஆனதை ஒட்டி 1414-இல் திறக்கப்பட்ட கிழக்குப் பகுதி வேறொரு உலகம்: சுவரே இல்லை என்று சொல்லுமளவுக்கு உயரமான வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். மேல்தளத்தில் உள்ள எளிய சலவைக்கல் அரியணையை 936 முதல் 1531 வரை முடிசூடிய ஜெர்மன் அரசர்களோடு சேர்த்துச் சொல்வார்கள். அதைக் காண வழிகாட்டியுடன் செல்லும் சுற்றில் சேர வேண்டும், அதற்கான சீட்டு தேவாலயத்துக்கு எதிரிலுள்ள தகவல் மையத்தில் கிடைக்கும். 1978-இல் யுனெஸ்கோ வெளியிட்ட முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலின் 12 இடங்களுள் இதுவும் ஒன்று. நுழைவாயில் வெண்கலக் கதவில் உள்ள சிங்க முகத்தின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். கட்டுமானத்துக்குப் பணம் கொடுத்த சாத்தானுக்கு, முதலில் நுழையும் உயிரைத் தருவதாக ஊரார் வாக்களித்து, பிறகு ஓர் ஓநாயை உள்ளே அனுப்பி ஏமாற்றினார்களாம். சினத்தில் அவன் கதவை அறைந்தபோது அவனுடைய கட்டைவிரல் அங்கே மாட்டிக்கொண்டதாம்.

வெளியே வந்ததும் சில நிமிட நடையில் 1827-இல் கட்டப்பட்ட எலிசன்புருன்னன் மண்டபம் வரும். அங்கே 50 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்துடன் கந்தக ஊற்று நீர் குழாயில் கொட்டுகிறது. கை நனைக்கலாம், குடிக்க வேண்டாம். நகரத்தின் பிரின்டன் என்னும் மசாலாப் பிஸ்கட்டில் சோம்பு, பட்டை, கிராம்புடன் கொத்தமல்லியும் சேர்க்கிறார்கள்; கடினமான வகையைத் தேநீரில் நனைத்தே சாப்பிட வேண்டும். அலுவலக நண்பர்களுக்கு வாங்கிச் செல்ல அதுவே போதும்.

இதற்கு மேல் பட்டியலை நீட்டாதீர்கள். மாலையை நண்பரிடம் விட்டுவிட்டு, "நீ தினமும் போகும் வழியில் என்னைக் கூட்டிக்கொண்டு போ" என்று கேளுங்கள். அவர் படிக்கும் நூலகம், மதிய உணவு உண்ணும் மாணவர் உணவகம், இடைக்கால நகர வாயிலில் முடியும் போன்ட் தெருவின் மலிவு விலை உணவுக் கடைகள், ஊருக்கு மேலே லூஸ்பெர்க் குன்றில் அவர் தனியாக நடக்கும் பாதை ஆகியவற்றைப் பார்த்தால்தான், தொலைபேசியில் அவர் சொல்லிவந்தவற்றுக்கெல்லாம் இனி உங்கள் மனத்தில் ஓர் இடம் இருக்கும். நடக்கும்போது பேச்சு தானாக வரும். வேலை கிடைத்துவிட்டதா, எத்தனை பாடம் பாக்கி என்று தொடங்க வேண்டாம். அதை வீட்டிலிருந்து வாராவாரம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். படிப்பு முடித்தபின் வேலை தேட 18 மாதம் வரை தங்க அனுமதி உண்டு என்பதால், நண்பர் கவலையாக இருந்தாலும் உங்கள் ஆறுதலுக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. குளிர்கால இருட்டில் மனம் சோர்ந்துபோனதாக அவர் சொன்னால், அறிவுரை சொல்லாமல் கேளுங்கள். பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இலவச உளவியல் ஆலோசனை கிடைக்கிறது என்பதை மட்டும் எடுத்துச் சொல்லலாம். அவரைக் கேட்காமல் வீட்டாரைக் காணொளி அழைப்பில் கூப்பிட்டு அறையைக் காட்டுவதைத் தவிருங்கள்.

ஞாயிறு காலை மழை இல்லையென்றால் மூன்று நாடுகள் சந்திக்கும் இடத்துக்கு நடந்து செல்லுங்கள். ஃபால்ஸ் என்னும் டச்சு ஊர் வரை நகரப் பேருந்தில் சென்று, அங்கிருந்து காட்டுப் பாதையில் ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடலாம். ஐரோப்பிய நெதர்லாந்தின் மிக உயர்ந்த இடமான அந்தக் குன்றின் உயரம் 322 மீட்டர்தான். ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகியவற்றின் எல்லைகள் அங்கே ஒரு கல்லில் கூடுகின்றன. 1816-இல் உருவான மொரெஸ்னெ என்ற மிகச் சிறிய நடுநிலைப் பகுதியும் அங்கே வந்து சேர்ந்ததால், பெல்ஜியம் தனி நாடானதிலிருந்து முதல் உலகப் போர் முடியும்வரை அது நான்கு எல்லைகளின் சந்திப்பாக இருந்தது. ஆகனில் மழை அடிக்கடி பெய்யும் என்பதால் நீர் புகாத காலணி அவசியம். ஈழத்தமிழர்கள் எழுப்பிய ஹம் நகர் காமாட்சி அம்பாள் கோயிலுக்கும் ஆகனிலிருந்து நேரடி வட்டார ரயில் உண்டு. ஆனால் போகவே ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். ஜூன் மாதத் தேர்த் திருவிழாவை ஒட்டி வந்தால் மட்டும் ஒரு நாளை முழுதாக அதற்குக் கொடுங்கள்.

பிற்பகலில் இரண்டு மணி நேரத்தை அறைக்குத் திரும்பிச் சமைப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். சாம்பாரும் ஒரு கறியும் செய்து, சிறு டப்பாக்களில் பிரித்து உறைபெட்டியில் வைத்தால் நண்பருக்கு அந்த வாரத்தின் பாதி ஓடிவிடும். பாத்திரங்களை நீங்களே கழுவிவிட்டுப் புறப்படுங்கள். திரும்பும் ரயிலாக அன்றைய கடைசி ரயிலைத் தேர்ந்தெடுக்காமல் அதற்கு முந்தையதில் சீட்டு எடுங்கள், ஜெர்மன் ரயில்கள் தாமதமாவது வழக்கமான ஒன்று. சேருமிடத்தை 60 நிமிடம் தாமதமாக அடைந்தால் சீட்டு விலையில் 25 விழுக்காடும், 120 நிமிடமானால் 50 விழுக்காடும் திரும்பக் கேட்கலாம்; அதற்காகச் சீட்டையும், ரயில் தாமதமாகிறது என்று காட்டும் கைப்பேசித் திரையின் படத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள்.