வானின் பின் பற்றரியில் சார்ஜ் ஏறவில்லையா? புதிது வாங்க முன் அளந்து பாருங்கள்

ஒரு வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்கு எங்கள் டொல்பின் வானில் போயிருந்தோம். பின் சீற்றுகளைக் கழற்றிவிட்டுப் படுக்கை போட்ட வான். ஒரு சின்ன பிறிட்ஜ், ஒரு ஃபான், நாலு லயிற். கோயிலைச் சுற்றிச் சனம் நிறைந்திருந்த அந்த இராத்திரி, பதினொரு மணிபோலப் பிறிட்ஜ் நின்றுவிட்டது. உள்ளே அம்மாவின் ஒரு மாத இன்சுலின் இருந்தது. அந்த நேரத்தில் ஐஸ் தேடி அலைந்ததை நினைத்தால் இன்னும் நெஞ்சு பதறும்.

அந்தப் பற்றரி வாங்கி நாலு மாதம்தான். அதற்கு முந்தினதையும், 'பற்றரி போச்சு' என்று ஒரு கராச்சில் சொன்னதை நம்பித்தான் மாற்றியிருந்தேன். கடைசியில் பார்த்தால் இரண்டு பற்றரியிலும் பிழை இல்லை. பிழை ஒரு போல்டின் கீழே இருந்தது.

மடுத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போய்த் தங்குகிறவர்கள், சந்தைக்குச் சந்தை சாமான் ஏற்றிப் போகிறவர்கள் என்று எங்கள் பக்கத்தில் வானுக்கு இரண்டாவது பற்றரி போட்ட பலர் இருக்கிறார்கள். நல்ல பற்றரி ஒன்றின் விலை, ஒரு வீட்டின் பல நாள் உழைப்பு. அதை வீணாக யாரும் கொடுக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். வண்டியை ஸ்ரார்ட் செய்வதை எஞ்சின் பற்றரி என்றும், பிறிட்ஜுக்கும் லயிற்றுக்கும் கறண்ட் கொடுப்பதைப் பின் பற்றரி என்றும் சொல்கிறேன்.

தொடங்க முன்

ஒரு டிஜிற்றல் மல்ரிமீற்றர் வேண்டும். விலை குறைந்ததே போதும். நாலைந்து மீற்றர் நீள வயர், 10, 12 இலக்க ஸ்பனர்கள், எமரிப் பேப்பர், பழைய பல் பிரஷ், கொஞ்சம் அப்பச்சோடா.

மோதிரம், காப்பு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ஸ்பனரோடு மோதிரமும் சேர்ந்து இரண்டு முனைகளுக்கு நடுவில் பட்டால் ஒரு நொடியில் விரல் வெந்துவிடும். சார்ஜ் ஏறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வரும். பக்கத்தில் பீடி, சிகரெட், நெருப்புக்குச்சி எதுவும் கூடாது. வயரைக் கழற்றும்போது நெகற்றிவ் முதலில், பூட்டும்போது நெகற்றிவ் கடைசியில்.

படி 1: ஓய்வில் அளப்பது

இரவு எல்லா லயிற்றையும் பிறிட்ஜையும் நிறுத்திவிட்டு, காலையில் வெயில் ஏற முன், எஞ்சினைத் தொடாமல் அளவுங்கள். மீற்றரை டீசீ 20 வோல்ற்றில் வைத்து, சிவப்பு முனையைப் பொசிற்றிவிலும் கறுப்பை நெகற்றிவிலும் பிடியுங்கள். சாதாரண ஈயப் பற்றரி என்றால் 12.6 முதல் 12.8 வரை நிறைந்தது. 12.2 பாதி. 11.9க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட வெறுமை. அப்படியே பல நாள் விட்டால் தகடுகளில் சல்பேற் படிந்து இறுகிவிடும். அன்றே சார்ஜ் ஏற்றுங்கள்.

படி 2: எஞ்சின் ஓடும்போது, முன்னால்

எஞ்சினை ஸ்ரார்ட் செய்து, கொஞ்சம் அக்சிலறேற்றர் கொடுத்து, எஞ்சின் பற்றரியில் அளவுங்கள். 13.8க்கும் 14.4க்கும் இடையில் இருந்தால், எஞ்சினோடு சுற்றிச் சார்ஜ் ஏற்றும் ஓல்ரனேற்றர் தன் வேலையைச் செய்கிறது. 13க்குக் கீழே நின்றால் பெல்ற் தளர்ந்திருக்கலாம், ஓல்ரனேற்றரே பழுதாகியிருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை. 15க்கு மேலே காட்டினால் உடனே நிறுத்துங்கள், பற்றரியைக் கொதிக்க வைத்துவிடும்.

சில புது வண்டிகளில் ஓல்ரனேற்றர் வேண்டுமென்றே வோல்ற்றைக் குறைத்துவிடும். அதற்கு, எஞ்சின் ஓடும்போது இரண்டு பற்றரியையும் இணைக்கும் வெறும் றிலே போதாது, வோல்ற்றை ஏற்றிக் கொடுக்கும் டீசீ-டீசீ சார்ஜர் வேண்டும். எங்கள் ஊர் வழியே ஓடும் பழைய டொல்பின்களுக்கு இந்தத் தலையிடி இல்லை.

படி 3: அதே நேரம், பின்னால்

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின் பற்றரியில் அளவுங்கள். எஞ்சினை நிறுத்தியபோது இருந்த அளவே இப்போதும் இருந்தால் கறண்ட் பின்னால் வரவேயில்லை. இரண்டு பற்றரிக்கும் பக்கத்தில் ஒவ்வொரு பியூஸ் இருக்க வேண்டும்; அவற்றைப் பாருங்கள். கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் பியூஸும் எரிந்திருக்கலாம், அதனால் அதன் இரண்டு பக்கமும் மீற்றரை வைத்துப் பாருங்கள். பியூஸ் சரியென்றால் றிலே. எஞ்சின் பற்றரி 13.3 வோல்ற் அளவுக்கு ஏறியதும் அது 'டிக்' என்று ஒட்ட வேண்டும். சில றிலேக்கள் தனி ஏர்த் (நெகற்றிவ்) வயரில் வேலை செய்யும். அந்த மெல்லிய கறுப்பு வயர் அறுந்தாலே எல்லாம் நின்றுவிடும்.

பின்னால் கொஞ்சம் ஏறுகிறது, ஆனால் முன்னால் இருப்பதைவிட அரை வோல்ற்றுக்கு மேல் குறைவு என்றால் அடுத்த படிக்கு வாருங்கள். என் வான் இங்கேதான் அகப்பட்டது. முன்னால் 14.1, பின்னால் 12.9.

படி 4: வழியில் எங்கே தொலைகிறது

இந்தப் படிக்குப் பின் பற்றரி கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும். நிறைந்த பற்றரி கறண்டை இழுக்காது, இழுக்காவிட்டால் வயரின் குறை வெளியே தெரியாது. நான் முதல் தரம் அளந்தபோது, வீட்டுச் சார்ஜரில் இரவு முழுக்கப் போட்டு எடுத்த பற்றரி, அதனால் எல்லாம் சரிபோலக் காட்டியது.

எஞ்சின் ஓடும்போது, நீள வயரின் உதவியோடு மீற்றரின் ஒரு முனையை எஞ்சின் பற்றரியின் பொசிற்றிவிலும், மற்றதைப் பின் பற்றரியின் பொசிற்றிவிலும் வையுங்கள். வருவது பொசிற்றிவ் பக்கத்தில் தொலையும் வோல்ற். எனக்கு 0.2. நல்லது. பிறகு இரண்டு நெகற்றிவுக்கும் இடையில் அப்படியே. எனக்கு 1.0 வந்தது! ஒரு முழு வோல்ற் ஏர்த் பக்கத்தில் காணாமல் போயிருந்தது.

பின் பற்றரியின் நெகற்றிவ் வயரை வானின் தரையில் ஒரு போல்டில் இறுக்கியிருந்தார்கள். கையால் ஆட்டினால் அசையவில்லை, ஸ்பனரால் திருகினாலும் இறுக்கம்தான். கழற்றிப் பார்த்தேன். வளையத்தின் அடியில், பெயின்ற்றின் மேலேயே வைத்துப் பூட்டியிருந்தது. பெயின்ற் கீறுப்பட்ட ஒரு நகக்கண் அளவு இடத்தில் மட்டும் இரும்போடு தொட்டிருக்கிறது, அந்த இடமும் செம்மண் நிறத்தில் துருப்பிடித்துப் பொருக்குப் பொருக்காக இருந்தது. செப்பு வளையத்தின் ஓரம் பச்சை பூத்திருந்தது. முல்லைத்தீவுக் கடற்காற்று அடிக்கடி பட்ட வானுக்கு இது நடக்கும். எமரிப் பேப்பரால் தரை மினுமினுக்கும் வரை தேய்த்து, வளையத்தையும் தேய்த்து, பல்லு வொஷர் போட்டு இறுக்கி, மேலே கிறீஸ் பூசினேன். திரும்ப அளந்தபோது நெகற்றிவ் பக்கம் 0.05. பின்னால் 13.7.

பொசிற்றிவ் பக்கத்தில் அதிகம் தொலைந்தால் பெரும்பாலும் வயர் மெல்லிசு. கணக்கு இதுதான்: 6 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் மொத்தம் 10 மீற்றர் ஓடினால், 20 அம்பியர் போகும்போது 0.6 வோல்ற் தின்றுவிடும். 16 சதுர மில்லிமீற்றர் என்றால் கால் வோல்ற்றுக்குள் நிற்கும். பற்றரிக்குச் செலவழிக்க நினைத்த காசில் கொஞ்சத்தை வயருக்குப் போடுங்கள், நான் மனமாரச் சொல்கிறேன்.

பற்றரி முனையில் வெள்ளை, நீலப் பூப்பு இருந்தால் அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். மூடியின் துளை வழியே அது உள்ளே போகக்கூடாது.

படி 5: சோலார்

சோளகம் அடிக்கும் மாதங்களில் வன்னிப் புழுதி சோலார் பனலில் படியும். ஈரத் துணியால் துடையுங்கள். பனை மரத்தின் ஒரு ஓலை நிழல் விழுந்தாலே வரவு மிகவும் குறைந்துவிடும், அதனால் நிழலில் படுக்க ஆசைப்பட்டாலும் பனலை வெயிலில் விடுங்கள். பனலுக்கும் பற்றரிக்கும் நடுவில் இருக்கும் கொன்றோலரில் பூட்டும்போது பற்றரி வயர் முதலில், பனல் வயர் பிறகு. மத்தியானம் 100 வாற் பனல் 5 அம்பியராவது காட்ட வேண்டும்.

படி 6: உண்மையில் பற்றரிதானா?

இவ்வளவும் சரியென்றால்தான் பற்றரியைச் சந்தேகிக்கலாம். தண்ணீர் விடும் வகையென்றால் தகடு மூடியிருக்கிறதா பாருங்கள். குறைந்தால் பற்றரித் தண்ணீர் மட்டும், கிணற்றுத் தண்ணீரும் கூடாது, அசிற்றும் கூடாது. பிறகு முழுக்கச் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஓய்வில் விட்டு, 55 வாற் ஹெட்லயிற் பல்ப் ஒன்றை மாட்டுங்கள். அது 4.5 அம்பியர் அளவில் இழுக்கும். நல்ல 100 அம்பியர்-மணிப் (அம்பியரை மணியால் பெருக்கும் கொள்ளளவுக் கணக்கு) பற்றரி பத்து மணி நேரத்துக்குப் பிறகும் 12 வோல்ற்றைச் சுற்றி நிற்கும். இரண்டு மூன்று மணியில் 11.5க்கு விழுந்தால் அது முடிந்த பற்றரிதான்.

லிதியம் பற்றரி பூச்சியம் காட்டினால் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் காவல் சேர்க்கிற் தன்னைத் தானே பூட்டியிருக்கும், லிதியத்துக்கான சார்ஜரில் போட்டால் பெரும்பாலும் திறக்கும்.

இன்னொன்று. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஏ9 வீதியில் ஒன்றரை மணி ஓடினால் 20 அம்பியர் கணக்கில் 30 அம்பியர்-மணிதான் ஏறும், அதுவும் எல்லாம் நன்றாக இருந்தால். எங்கள் வெக்கையில் ஒரு சின்ன பிறிட்ஜ் ஒரு நாளில் 40க்கு மேல் தின்னும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் கச்சான் வாங்க நிற்கும் நேரத்தையும் கழித்துப் பாருங்கள். இரண்டு நாள் ஓரிடத்தில் தங்கப் போகிறீர்கள் என்றால் சோலாரோ வீட்டுச் சார்ஜரோ கூடவே வேண்டும்.

என் வானின் பின் கதவின் உட்பக்கம் ஒரு துண்டு ரேப்பில் மூன்று எண்கள் எழுதி ஒட்டியிருக்கிறேன்: முன்னால் 14.1, பின்னால் 13.7, காலையில் 12.7. ஒவ்வொரு பயணத்துக்கும் முதல் நாள் மாலை, அம்மாவின் மருந்தை பிறிட்ஜில் வைக்க முன், மீற்றரைக் கையில் எடுத்து முன்னாலும் பின்னாலும் அளக்கிறேன். மூன்றாவது எண்ணை, புறப்படுகிற அன்று காலை எஞ்சினைத் தொட முன் பார்ப்பேன்.