கிரீன் கார்டிலிருந்து அமெரிக்கக் குடியுரிமை: முதலில் பயணக் கணக்கு, அப்புறம் படிவம்

பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்கு வந்த இடத்தில் கல்லிடைக்குறிச்சிப் பெரியம்மா பிடித்துக்கொண்டார். "ஏய்யா, கார்டு வாங்கி அஞ்சு வருஷம் ஆயிட்டுல்லா, எனக்கும் சிட்டிசன்ஷிப் போட்டுரலாமா?" மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். பெரியம்மா பாதி நாள் அங்கே, மீதி நாள் இங்கே. இப்படி இருப்பவர்கள் நம் பக்கம் நிறைய என்பதால் எழுதிவிடுகிறேன்.

வயது 18 முடிந்திருக்க வேண்டும், வரி தாக்கல் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்த கதை. போலீஸ் கேஸ் ஏதாவது இருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு வக்கீலைப் பாருங்கள்.

படி 1: தேதி

கார்டில் ‘ரெசிடென்ட் சின்ஸ்’ என்று ஒரு தேதி இருக்கும். அதிலிருந்து 5 வருடம். அது முடிவதற்கு 90 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். ஒரு நாள் முந்தினாலும் நிராகரித்துவிடுவார்கள், கட்டணமும் திரும்பாது. அதனால் 90 நாள் கணக்கு தொடங்கி ஒரு வாரம் கழித்துப் போடுங்கள் என்பேன்.

கணவனோ மனைவியோ அமெரிக்கக் குடிமகன் என்றால் 3 வருடம் போதும். ஆனால் அவர் அந்த 3 வருடமும் குடிமகனாக இருந்திருக்க வேண்டும், இருவரும் சேர்ந்து வாழ்ந்திருக்கவும் வேண்டும். போன வருடம்தான் அவருக்குக் கிடைத்தது என்றால் இந்தச் சலுகை கிடையாது.

படி 2: பயணக் கணக்கு

ஆள் சறுக்குவது இங்கேதான். இரண்டு தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன. ஒன்றில் தேறினால் இன்னொன்றிலும் தேறியதாகிவிடாது.

முதலாவது, 5 வருடத்தில் குறைந்தது 30 மாதம் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். இரண்டாவது, எந்த ஒரு பயணமும் 6 மாதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தொடர் வசிப்பு அறுந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள். அங்கே வீடு, வேலை, குடும்பம் எல்லாம் அப்படியே இருந்தன என்று நீங்கள்தான் காகிதத்தோடு நிரூபிக்க வேண்டும். ஒரு வருடத்தைத் தாண்டினால் வாதாடவே இடமில்லை. திரும்பி வந்து 4 வருடம் 1 நாள் கழித்துப் போடலாம். நாலரை வருடம் பொறுத்தால் இன்னும் நல்லது, ஆறு மாதப் பேச்சே எழாது.

‘ரீ-என்ட்ரி பெர்மிட் (நீண்ட நாள் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பிவர முன்கூட்டியே வாங்கும் அனுமதி) எடுத்திருக்கேன், கவலை இல்லை’ என்பார்கள் சிலர். அது கார்டைக் காப்பாற்ற உதவும். குடியுரிமைக்கான தொடர் வசிப்பை அது காப்பாற்றாது.

பெரியம்மா வழக்கமாக அக்டோபரில் குளிருக்குப் பயந்து ஊருக்கு வந்து, மே மாதம்தான் திரும்புவார். வருடத்துக்கு 7 மாதம் இங்கே. ஆக அங்கே இருப்பது 5 மாதம், ஐந்து வருடத்துக்கு 25 மாதம். இரண்டு கணக்கிலுமே விழுந்துவிடுகிறார். இதையே தீபாவளிக்கு வந்து, பங்குனி உத்திரம் முடிந்த கையோடு கிளம்பினால் ஒரு பயணம் சுமார் 5 மாதத்தில் அடங்கும், அமெரிக்காவில் சுமார் 35 மாதம் சேரும். இனி அப்படித்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மாம்பழ சீசன் போய்விடுமே என்று அவருக்கு ஒரே வருத்தம்.

தேதிகளைப் பாஸ்போர்ட் முத்திரையை மட்டும் நம்பி எழுதாதீர்கள். அமெரிக்காவிலிருந்து கிளம்பும்போது முத்திரை கிடையாது. திருவனந்தபுரத்தில் குத்தும் வருகை முத்திரையோ ஒன்றிரண்டு நாள் பிந்தியது. கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் அமெரிக்காவில் இருந்த நாட்களாகவே கணக்காகும். மின்னஞ்சலில் பழைய விமான டிக்கெட்டுகளைத் தேடி எடுத்து, கூகுள் ஷீட்டில் ஒரு பயணத்துக்கு ஒரு வரி என்று போடுங்கள். நோட்டில் எழுதினால் கூட்டல் கழித்தலில் கண்ணைக் கட்டும்.

படி 3: படிவம்

குடியுரிமை விண்ணப்பமான என்-400 படிவத்தை ஆன்லைனிலேயே நிரப்புங்கள். 2024 ஏப்ரல் முதல் கட்டணம் ஆன்லைனில் 710 டாலர், காகிதத்தில் 760. காகிதத்துக்கு நான் எந்தக் காரணமும் காணவில்லை. விண்ணப்பிக்கும் மாநிலத்தில் 3 மாதம் குடியிருந்திருக்க வேண்டும், இப்போதுதான் வீடு மாறியவர்கள் கவனிக்க.

பெயர் நமக்கே உரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் மட்டும் இருந்து விசாவில் ‘எஃப்.என்.யூ.’ (முதற்பெயர் தெரியவில்லை) என்று அச்சாகியிருந்தால், பெயர் மாற்றக் கோரிக்கையை இந்தப் படிவத்திலேயே வைக்கலாம். நீதிமன்றத்தில் நடக்கும் பிரமாண நிகழ்ச்சியில்தான் அது நிறைவேறும் என்பதால், சில ஊர்களில் காத்திருப்பு கூடும்.

படி 4: நேர்காணல்

2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்குப் புதிய குடிமையியல் தேர்வு. 128 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 20 வரை கேட்பார்கள், 12 சரியாக இருந்தால் தேர்ச்சி. அதற்கு முன் போட்டவர்களுக்குப் பழைய கணக்குதான்: பத்துக்கு ஆறு. இதோடு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வாசிக்க வேண்டும், ஒன்று எழுத வேண்டும். தவறினால் இன்னொரு வாய்ப்பு உண்டு.

விண்ணப்பிக்கும்போது 50 வயதும் கார்டோடு 20 வருடமும், அல்லது 55 வயதும் 15 வருடமும் ஆகியிருந்தால் ஆங்கிலத் தேர்வு வேண்டாம். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தமிழிலேயே பதில் சொல்லலாம். வயது மட்டும் போதாது என்பதுதான் பெரியம்மாவுக்குச் சிக்கல். காலையில் நடக்கப் போகும்போது கேள்வி பதிலைக் காதில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

படி 5: பிரமாணத்துக்குப் பிறகு

பிரமாணம் எடுத்த நிமிடமே இந்தியக் குடியுரிமை போய்விடும், 1955 இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவு அப்படி. பழைய பாஸ்போர்ட்டைப் பயணத்துக்கு எடுக்கவே கூடாது. அதை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கி, அப்புறம் ஓ.சி.ஐ. கார்டுக்கு (வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) போடுங்கள். ஊரில் ஓட்டுரிமை கிடையாது.

பிற்சேர்க்கை

இதை எழுதியதும் அம்பாசமுத்திரத்து அத்தான் ஒருவர் கேட்டார், தாமிரபரணிக் கரை வயல் என்ன ஆகும் என்று. ஏற்கெனவே முறையாக உங்கள் பேரில் உள்ளது உங்களுடையதே. அப்பா வழி வாரிசாக வருவதும் வரலாம். ஓ.சி.ஐ. வைத்துக்கொண்டு புதிதாக விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ வாங்க முடியாது. பாளையங்கோட்டையில் பிளாட் வாங்கத் தடை இல்லை.

பிள்ளைகளைப் பற்றியும் கேட்டிருந்தார். 18 வயதுக்குள், கார்டோடு, உங்கள் பொறுப்பில் அமெரிக்காவில் உங்களோடு வசிக்கும் பிள்ளைக்கு நீங்கள் குடிமகனானதுமே குடியுரிமை தானாக வந்துவிடும். தனியாக என்-400 வேண்டாம், நேரே அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்குப் போடுங்கள். மூத்த மகளுக்கு 18 முடிய இன்னும் கொஞ்ச மாதம்தான் என்றால், உங்கள் விண்ணப்பத்தைத் தள்ளிப் போடாதீர்கள்.